கஜாக் வீட்டில் ஒன்பது மாதம்: விருந்தாளியாக எத்தனை நாள் இருப்பது?

கேள்வி கேட்டவர்: தென்கரைப் பெண்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஆகஸ்ட் மாத இறுதியில் கஜகஸ்தானுக்குப் புறப்படுகிறேன். அக்மோலா மாகாணத்தில், தலைநகர் அஸ்தானாவிலிருந்து சாலை வழியே மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு கிராமப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் தன்னார்வப் பணி கிடைத்திருக்கிறது. அங்கே பள்ளி ஆண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்கி மே மாதக் கடைசியில் முடிவதால், ஒரு முழுக் குளிர்காலத்தையும் அந்தக் கிராமத்திலேயே கழிக்க வேண்டியிருக்கும். தங்குவதற்கு விடுதி கிடையாது. ஒரு கஜாக் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி, அவருடைய கடைசி மகன், மருமகள், மூன்று குழந்தைகள் ஆகியோர் அந்த வீட்டில் இருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. உணவுக்கும் அறைக்குமான தொகையை என்னை அனுப்பும் அமைப்பே மாதந்தோறும் அவர்களுக்குக் கொடுத்துவிடும் என்கிறார்கள்.

எனக்கு வயது 25. தஞ்சாவூருக்கு அருகில் பிறந்து வளர்ந்தவள். இதுவரை சைவ உணவு தவிர வேறு எதையும் உண்டதில்லை. பால், தயிர், நெய் உண்டு, முட்டை இல்லை. இறைச்சி இல்லாமல் விருந்தே இல்லை என்று கருதும் ஒரு வீட்டில் ஒன்பது மாதமும் தட்டை விலக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பாட்டியின் மனம் என்ன பாடுபடும் என்ற நினைப்பு என்னை உறங்கவிடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் என் தாய் வைத்த குழம்பைத் தொடாமல் எழுந்துபோனால் அவர் முகம் எப்படி வாடும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான்காம் நாளிலிருந்து அந்த வீட்டில் நான் யார்? வாடகைக்கு இருப்பவளா, ஆசிரியையா, வீட்டுப் பெண்ணா? பாத்திரம் கழுவ எழுந்தால் தவறாக எடுத்துக்கொள்வார்களா, எழாமல் இருந்தால் தவறாகுமா? கஜாக் குடும்பங்களோடு உண்மையாகவே வாழ்ந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், தயவுசெய்து விரிவாக எழுதுங்கள். சுற்றுலாக் குறிப்புகள் எனக்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டன.

*

பதில்: சிர்தரியாக் கரையில்

தங்கைக்கு வணக்கம்.

நான் 2018 செப்டம்பரிலிருந்து அடுத்த ஆண்டு ஜூன் வரை தெற்கே, துர்கிஸ்தான் மாகாணத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பணியாற்றினேன். நீங்கள் போவது வடக்கு; குளிரும் ருஷ்ய மொழியின் புழக்கமும் அங்கே கூடுதல். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான் என்று அங்கே பணிபுரிந்த தோழியர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முதல் நாள் உங்களை வாசலுக்கு நேர் எதிரே, உள்சுவரை ஒட்டிய இடத்தில் உட்காரவைப்பார்கள். அதற்குத் 'தோர்' என்று பெயர். வீட்டின் மதிப்புக்குரிய இடம் அதுவே. நடுவில் விரிக்கும் விரிப்புக்கும் அதன்மேல் பரப்பிய உணவுக்கும் சேர்த்துத் 'தஸ்தர்கான்' என்று பெயர். எண்ணெயில் பொரித்த 'பௌர்சாக்' என்னும் மாவு உருண்டைகள், ரொட்டி, பாலாடை, பழக்கூழ், உலர்ந்த திராட்சை, மிட்டாய் என்று விரிப்பின் துணி தெரியாத அளவுக்கு நிறைத்துவிடுவார்கள். மருமகள் வாசல் பக்கமாகத் தேநீர்ப் பாத்திரத்தின் அருகே அமர்ந்து, கைப்பிடி இல்லாத சிறு கிண்ணங்களில் பால் கலந்த தேநீரை ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு முறையும் கால் கிண்ணம் அல்லது அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார். ஆறிப்போகாமல் சூடாகக் குடிக்கவும், கிண்ணம் மீண்டும் மீண்டும் கைமாறிப் பேச்சு நீளவும்தான் அந்த அளவு. முதல் வாரத்தில் நான் இது தெரியாமல், அந்தப் பெண்ணுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று எண்ணிக் கிண்ணத்தை நிறைத்துத் தரச் சொன்னேன். பேச்சு சட்டென்று நின்றுபோயிற்று. கிண்ணத்தை நிறைத்துக் கொடுப்பது 'நீங்கள் புறப்படலாம்' என்பதற்கு அடையாளம் என்று பிறகு அவர்களுடைய மகள் விளக்கினாள். போதும் என்றால் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து 'ரக்மெத்' (நன்றி) என்று சொன்னால் போதுமானது.

விருந்தோம்பலை அவர்கள் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு வெறும் நற்குணம் மட்டும் காரணமன்று. ஊர்கள் இல்லாத புல்வெளியில், பனிக்காலத்தில், வழிப்போக்கனுக்கு ஒரு கூடாரம் மறுக்கப்பட்டால் அவன் இரவுக்குள் இறந்துபோகக்கூடும். அழைக்காமல் வந்து நிற்பவரைக் 'குதாயி கொனாக்', அதாவது கடவுள் அனுப்பிய விருந்தாளி, என்று அழைப்பதும், அவருக்கு உணவும் இடமும் தர மறுப்பவருக்குப் பழைய வழக்காற்றுச் சட்டத்தில் தண்டம் இருந்ததும் அதனால்தான்.

உங்கள் கேள்வியில் பாட்டியின் மனத்தைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறீர்கள். நான் மருமகளைப் பற்றிக் கவலைப்படச் சொல்வேன். 'கெலின்' என்று அழைக்கப்படும் அந்த மருமகள்தான் வீட்டில் முதலில் எழுபவர், கடைசியில் படுப்பவர். மாமனார் மாமியார் பெயரையும் கணவரின் மூத்த உறவினர் பெயர்களையும் வாயால் சொல்லாத மரபு பல குடும்பங்களில் இன்றும் உண்டு. கணவர் பெயரைச் சொல்லாத நம் பாட்டிமார்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு சைவக் குழம்பு வைக்க வேண்டுமென்றால், அன்போடு ஆணையிடுபவர் பாட்டியாக இருப்பார். அடுப்பின் முன் கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்பவர் கெலினாக இருப்பார். மேலும், உங்கள் பாட்டி கடைசி மகனோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கஜாக் வழக்கத்தில் பெற்றோரின் வீடு கடைசி மகனுக்கு உரியது. 'கரா ஷங்கிராக்' எனப்படும் அந்த மூலவீட்டுக்குத்தான் மூத்த மகன்களும் மகள்களும் பேரப்பிள்ளைகளும் பண்டிகைக்கும் ஓய்வுநாளுக்கும் வந்து இறங்குவார்கள். ஆகவே அந்தப் பெண்ணின் வேலைச்சுமையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

என் வீட்டுக் கெலின் முதல் ஒரு மாதம் என்னைக் கரண்டியைத் தொடக்கூட விடவில்லை. விருந்தாளி வேலை செய்வதைப் பக்கத்து வீட்டார் பார்த்தால் அவளுக்குத்தான் அவமானம். எனவே மாமியார் வெளியே சென்ற ஒரு பிற்பகலில், கதவைச் சாத்திக்கொண்டு, பௌர்சாக்குக்கு மாவு பிசையக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டேன். வேலையைப் பிடுங்கினால் கொடுக்கமாட்டார்கள். கற்றுக்கொடுக்கும்படி கேட்டால் கொடுப்பார்கள். ஆறு வாரம் கழித்துத் தஸ்தர்கானில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணங்களைக் கைமாற்றும் வேலை எனக்கு வந்தது. தோரிலிருந்து வாசல் பக்கத்துக்கு நான் இறங்கிவந்த அந்த நாளை இன்றும் மகிழ்ச்சியோடு நினைக்கிறேன்.

இறைச்சியைப் பொறுத்தவரை: 'பெஷ்பர்மாக்' என்பது வேகவைத்த இறைச்சியை அகலமான மாவுத் தகடுகளின்மேல் பரப்பிப் பெருந்தட்டில் வைப்பது. நானும் சைவம்தான். தட்டின் ஓரத்திலிருந்த மாவுத் தகடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லோரோடும் அமர்ந்திருந்தேன். தகடுகள் இறைச்சிச் சாற்றில் வெந்தவை என்பதை அறிந்தேதான் எடுத்துக்கொண்டேன்; நீங்கள் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆட்டுத் தலையை உங்கள் முன் வைத்துவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டாம். வயதில் மூத்தவர் இருக்கும் இடத்தில் அது அவருக்கே போகும்.

கடைசியாக, மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். என்னை அனுப்பிய அமைப்பும் குடும்பத்துக்கு மாதந்தோறும் பணம் தருவதாகத்தான் சொல்லியிருந்தது. நான்கு மாதம் அது வந்து சேரவே இல்லை. அந்த நான்கு மாதமும் எனக்குப் பிடிக்கும் என்று பழமும் பாலாடைக்கட்டியும் வாங்கிவைத்தார்கள்; அறைக்குத் தனியாக மின்அடுப்பு வைத்தார்கள்; ஒரு சொல்லும் சொல்லவில்லை. விருந்தாளியிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது அவர்களால் இயலாத காரியம். பக்கத்து வீட்டுப் பெண் தற்செயலாகச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிரவு நான் அழுதேன். ஆகவே தங்கையே, பணம் வந்ததா என்று ஒவ்வொரு மாதமும் நீங்களே அமைப்பிடம் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். குடும்பத்தாரிடம் கேட்டால், வராவிட்டாலும் வந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

*

பதில்: கரகண்டா மாணவன்

சகோதரிக்கு வணக்கம். கரகண்டாவில் ஆறு ஆண்டுகள் மருத்துவம் படித்தவன் நான். விடுமுறைகளில் வகுப்புத் தோழனின் கிராமத்து வீட்டில் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறேன்.

மேலே எழுதிய சகோதரியின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் மாவுத் தகடு பற்றிய யோசனையை ஏற்க என்னால் இயலவில்லை. இறைச்சிச் சாற்றில் வெந்ததை ஒருமுறை உண்டுவிட்டால், 'சாறு ஆகும், துண்டு மட்டும்தான் ஆகாது' என்று வீட்டார் புரிந்துகொள்வார்கள். அதன்பிறகு உருளைக்கிழங்கும் சோறும் எல்லாமே எலும்புச் சாற்றில்தான் வேகும். அதை மறுக்கும்போதுதான் அவர்கள் மனம் உண்மையாகப் புண்படும். என் அறைத்தோழர் ஒருவருக்கு இப்படியே நடந்தது. வீட்டுக்குள் கால்வைப்பதற்கு முன்பே, ஒருங்கிணைப்பாளர் வழியாக, எது ஆகும், எது ஆகாது என்பதைக் கஜாக் மொழியிலும் ருஷ்ய மொழியிலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். 'இறைச்சி ஆகாது' என்று மட்டும் எழுதினால் கோழி வரும். கோழி அங்கே பலருக்கு இறைச்சிக் கணக்கில் சேராது. சாறு, கொழுப்பு, முட்டை ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். பௌர்சாக்கைக்கூட எதில் பொரித்தார்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. சில வீடுகளில் மாவில் முட்டையும் சேர்ப்பார்கள்.

கெலினின் சுமையைப் பற்றி அவர் எழுதியது முழு உண்மை. அதற்கு ஒரே தீர்வு நீங்களே சமைப்பதுதான். கிராமத்துக் கடையில்கூட 'மான்கா' என்ற பெயரில் ரவை கிடைக்கும், உப்புமாவுக்குக் குறையில்லை. 'கொரோஹ்' என்று கேட்டால் உடைத்த பட்டாணிப் பருப்பு கொடுப்பார்கள். நன்றாகக் குழைய வேகும். அதில் நான் சாம்பார் வைத்திருக்கிறேன். புளிக்குப் பதில் எலுமிச்சை. அரிசி, உருளை, கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், வெங்காயம் ஆகியவை எங்கும் உண்டு. 'கிரெச்கா' என்னும் ஒருவகைத் தானியத்தைச் சோறுபோல வேகவைத்துத் தயிரோடு உண்ணலாம். மிளகாயையும் பெருங்காயத்தையும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். அவர்களுக்குக் காரம் பழக்கமில்லை. எனவே முதல்முறை பரிமாறும்போது மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள்.

மொழியைப் பற்றி எல்லோரும் அச்சுறுத்துவார்கள். எழுத்து சிரிலிக், 42 எழுத்துகள். ஆனால் தமிழர்க்குக் கஜாக் வாக்கியம் வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல இயல்பாக வந்து அமர்ந்துவிடும். 'மென் உய்கே பராமின்' என்றால் 'நான் வீட்டுக்குப் போகிறேன்'. மென் என்பது நான், உய் என்பது வீடு, கே என்பது நம் 'கு', கடைசியில் வினை. அந்த வினையின் ஈற்றிலேயே 'நான்' என்பதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு முதலில் தேவைப்படும் வாக்கியம் 'மென் எத் ஜெமெய்மின்'. நான் இறைச்சி உண்ணேன் என்பது பொருள். நம் 'உண்ணேன்' என்ற சொல்லைப் போலவே, மறுப்பும் ஆளும் ஒரே வினைக்குள் அடங்கியிருப்பதைப் பாருங்கள். 'சென்' என்பது நீ, 'சிஸ்' என்பது நீங்கள். பெரியவர்களிடம் 'சிஸ்' தவறக்கூடாது. பாட்டியை 'அபா' என்று அழைப்பார்கள். காதில் ஏறக்குறைய நம் 'அப்பா' என்றே விழும், முதல் சில நாள்கள் நாக்கு தடுமாறும். தாத்தா 'அதா', மதுரை, இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தந்தையை 'அத்தா' என்று அழைப்பதுபோல் ஒலிக்கும்.

ஆவணங்களில் கவனமாக இருங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2022 ஜூலை முதல் ஒரு பயணத்துக்கு 14 நாள் வரை விசா இல்லாமல் அங்கே தங்கலாம் என்பது உண்மை. ஒன்பது மாதப் பணிக்கு அது எந்த வகையிலும் உதவாது. உரிய விசாவை இங்கிருந்தே பெற்றுக்கொண்டு செல்லுங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த மூன்று வேலைநாள்களுக்குள் உங்களை அழைத்த தரப்பு குடிபெயர்வுத் துறைக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்ததற்கான சான்றை உங்கள் கைப்பேசியில் வைத்திருங்கள்.

*

பதில்: வடபுல்வெளி

அன்புள்ள தங்கைக்கு,

நான் அமெரிக்காவில் வளர்ந்த தமிழன். 2010-இல் 'பீஸ் கோர்' என்னும் அமெரிக்க அரசின் தன்னார்வத் திட்டத்தில் வடக்குக் கஜகஸ்தானில் ஒரு கிராமத்துக்குச் சென்றேன். அந்த நாட்டில் அத்திட்டம் 1993 முதல் 2011 வரை நடந்தது. உங்களைப் போலவே பாட்டி உள்ள வீடுதான் எனக்கும் வாய்த்தது. என் நிறத்தைப் பார்த்துவிட்டு, நான் உண்மையிலேயே அமெரிக்கனா என்று கேட்காதவர் ஊரில் இல்லை. இந்தியப் பெற்றோர் என்று தெரிந்ததும் பாட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. சோவியத் காலத்தில் கண்ட இந்திப் படங்களையும் ராஜ் கபூரையும் பற்றி ஒரு மாலை முழுதும் பேசினார். உங்களுக்கும் இது நடக்கும், பாடச் சொல்வார்கள். ஒரு பாட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 'தோய்' என்னும் விழாக்களில் வந்தவர் ஒவ்வொருவரும் எழுந்து நின்று வாழ்த்து கூறுவது கட்டாயம். வெளிநாட்டு ஆசிரியையை நிச்சயம் விடமாட்டார்கள்.

குளிரைப் பற்றி நண்பர்கள் எழுதாததால் எழுதுகிறேன். அக்மோலாவில் சனவரியில் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையைப் பார்ப்பது அரிதன்று. குளிரைவிடக் காற்று கொடியது. 'புரான்' என்னும் பனிப்புயல் எழுந்துவிட்டால் எதிர்வீட்டுக்குப் போகக்கூட வெளியே இறங்காதீர்கள். தன் வீட்டு வேலிக்கும் வாசலுக்கும் இடையில் வழிதவறியவர்களைப் பற்றி அங்குள்ள ஒவ்வொரு முதியவரும் கதை சொல்வார். அப்படிப்பட்ட நாள்களில் பள்ளிக்கு விடுமுறை அறிவிப்பார்கள். கிராமத்து வீடென்றால் பெரும்பாலும் நிலக்கரி அடுப்பே வீட்டைச் சூடாக்கும். கழிப்பறை முற்றத்தின் கோடியில் இருக்கலாம். குளியல் வாரத்துக்கு ஒருமுறை 'மோன்ஷா' என்னும் நீராவிக் குளியலறையில். சில வீடுகளில் 'தெஸெக்' என்ற எரிபொருளும் பார்ப்பீர்கள். நம் ஊர் வறட்டியேதான். கனத்த மேலங்கியையும் காலணியையும் இங்கே வாங்காதீர்கள், அங்கே வாங்குங்கள். கெலினை அழைத்துக்கொண்டு சந்தைக்குப் போனால், எது தாங்கும் என்பதை அவரே தொட்டுப் பார்த்துச் சொல்வார்.

தனிமை கிடைக்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் அறைக் கதவை யாரும் தட்டியதே இல்லை. நேராக உள்ளே வந்துவிடுவார்கள். நான் காய்ச்சலில் கிடந்தபோது பாட்டி தன் மெத்தையைக் கொண்டுவந்து என் கட்டிலுக்குக் கீழே விரித்துப் படுத்துக்கொண்டார். மூத்த பேரன் அவரைத்தான் 'மாமா' (அங்கே அம்மா என்று பொருள்) என்று அழைத்தான். பெற்ற தாயைப் பெயர் சொல்லி அழைத்தான். முதல் பேரக்குழந்தையைத் தாத்தா பாட்டி தங்கள் பிள்ளையாகவே வளர்க்கும் மரபு அங்கே உண்டு என்று தெரியாமல், பல வாரம் அந்த வீட்டின் உறவுமுறை எனக்குக் குழப்பமாகவே இருந்தது.

ரொட்டியைப் பற்றி ஒரு சொல். அதைக் கவிழ்த்து வைக்கக் கூடாது, தரையில் விழுந்த துண்டை மிதிக்கக் கூடாது, அவசரமாகக் கிளம்பினாலும் ஒரு விள்ளலைச் சுவைக்காமல் வீட்டைவிட்டுப் போகக் கூடாது. நான் முதலில் இவற்றை வெறும் சடங்கு என்றே எண்ணியிருந்தேன். 1930 முதல் 1933 வரை அந்த நாட்டில் கால்நடைகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணையாக்கியபோது ஏற்பட்ட பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் இறந்தார்கள். கஜாக் மக்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல். என் பாட்டியின் தாய் அதில் உடன்பிறந்த அனைவரையும் இழந்தவர். அதை அறிந்தபின் என்னால் ஒரு ரொட்டித் துணுக்கையும் தட்டில் விட இயலவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே 31 அன்று அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்களையும் அரசியல் அடக்குமுறைக்கு ஆளானவர்களையும் நினைவுகூர்கிறார்கள். நீங்கள் ஊர் திரும்பும் நேரம் அது.

உங்கள் மாகாணத்திலேயே, அஸ்தானாவை அடுத்த அக்மோல் கிராமத்தில், ஸ்டாலின் காலத்தில் 'தாய்நாட்டுத் துரோகிகளின் மனைவியர்' என்று பெயரிட்டுப் பெண்களை அடைத்துவைத்த முகாம் இருந்த இடத்தில் இன்று ஓர் அருங்காட்சியகம் உள்ளது. காவலில் இருந்த அப்பெண்கள்மீது அருகிலிருந்த கஜாக் முதியவர்களும் சிறுவர்களும் கல்லெறிவதுபோல் எதையோ எறிந்தார்கள் என்றும், ஒருத்தி கீழே விழுந்து எடுத்துப் பார்த்தபோது அது 'குர்த்' என்னும் காய்ந்த தயிர்க்கட்டி என்று தெரிந்தது என்றும் அங்கே சொல்லப்படுகிறது. உங்கள் பாட்டி குர்த் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு ஆகும் உணவுதான். உப்பும் புளிப்புமாகப் பல்லை உடைக்கும்.

2011 நவம்பரில் எங்கள் திட்டம் முடிவுக்கு வருவதாக அறிவித்ததும், சில நாள்களில் நாங்கள் புறப்பட வேண்டியதாயிற்று. பாட்டி ஒரு முழு ரொட்டியை என் வாயருகே நீட்டி ஓரத்தைக் கடிக்கச் சொன்னார். தொலைதூரம் போகிறவர் கடித்த ரொட்டியை அவர் திரும்பிவந்து முடிக்கும்வரை வீட்டில் பாதுகாப்பது அவர்கள் வழக்கம். படைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்வார்கள். அவர் உயிரோடு இருந்தவரை என்னால் திரும்பிப் போக முடியவில்லை. உங்கள் பாட்டி அதை நீட்டும் நாளில் நன்றாகக் கடித்துவிட்டு வாருங்கள். பிறகு போய் முடியுங்கள்.

*

தென்கரைப் பெண் (நவம்பர் இறுதியில்)

அக்காவுக்கும் அண்ணன்மார்களுக்கும் நன்றி. வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. இங்கே நேரம் நம் ஊரைவிட அரை மணி மட்டுமே பின்தங்கியிருப்பதால், ஒவ்வொரு மாலையும் அம்மாவோடு பேச முடிகிறது.

முட்டை, சாறு, கொழுப்பு என்று மூன்றையும் எழுதி அனுப்பியிருந்தது பெரிய உதவியாயிற்று. அபா அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். வாரத்தில் நான்கு நாள் நானே சமைக்கிறேன். ரவை உப்புமாவைக் குழந்தைகள் சர்க்கரை தூவி உண்கிறார்கள். பணத்தைப் பற்றி அக்கா எழுதியிராவிட்டால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். அக்டோபர் மாதத் தொகை வராமலே இருந்தது. நான் அமைப்புக்கு எழுதிய பின்புதான் வந்தது. அதை அறிந்த அபா, தங்கள் வீட்டுக் கணக்கை வெளியே கேட்டுவிட்டேனே என்று ஒரு நாள் முழுதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் நிலக்கரி வாளியை என் கையில் கொடுத்து நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். அதுவரை எனக்கு 'சிஸ்' போட்டுப் பேசியவர், அன்றிலிருந்து 'சென்' என்கிறார்.

இப்போது ஒரு கேள்வி. அடுத்த வாரம் 'சொகிம்' நடக்கவிருக்கிறது. குளிர்காலம் முழுவதற்குமான இறைச்சிக்காகக் குதிரையை அறுப்பார்களாம். உறவினர் அனைவரும் வருவார்கள். 'உனக்கு மனம் தாங்காது, அன்று தலைமையாசிரியை வீட்டுக்குப் போய்விடு' என்று அபாவே சொல்கிறார். போனால் எல்லோரும் உழைக்கும் நாளில் ஒதுங்கியவள் ஆவேன். இருந்தால் என்னால் பார்க்க இயலுமா என்று தெரியவில்லை. என்ன செய்வது?

*

சிர்தரியாக் கரையில்

தங்கையே, காலையில் போய்விடு. அறுப்பது முற்றத்தில், ஆண்கள் வேலை. அதை நீ பார்க்க வேண்டிய அவசியமில்லை, உன்னை யாரும் தேடவும் மாட்டார்கள். ஆனால் நண்பகலுக்குள் திரும்பிவிடு. அதன்பின் வீட்டுக்குள் பெண்களுக்கு வேலை இரவுவரை நீளும். குடலைக் கழுவுவதும் உப்பிட்டு நிரப்புவதுமாக அவர்கள் கைகள் ஓயாது, ஒருவருக்கும் தேநீர் ஊற்ற நேரம் இராது. கெலினின் இடத்தில் நீ உட்கார்ந்து எல்லோருக்கும் ஊற்று. பாலை முதலில் விடுவார்களா, சாயத்தை முதலில் விடுவார்களா என்பதை இன்றே பார்த்துவைத்துக்கொள். வீட்டுக்கு வீடு அது மாறும். கிண்ணத்தைப் பாதிக்குமேல் நிரப்பாதே.